சமையலறைச் செருப்பு

குதிகால் வலி வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வராதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது, அவர்கள் நன்றாக இருக்கட்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது உயிர் போய் உயிர் வரும். அடுத்த அடி கொஞ்சம் தேவலை. சமையலறைக்கு வந்து சேர்வதற்குள், சே, இதற்குப் போயா அப்படி முனகினோம் என்று நமக்கே வெட்கமாகிவிடும். மத்தியானம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இந்த வலிக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. வெளியே ஒன்றும் தெரியாது. வீக்கம் கிடையாது, சிவந்திருக்காது, ஒரு கீறல் கூட இருக்காது. காலைத் தூக்கிக் காட்டினால், “நல்லாத்தானே இருக்கு?” என்பார்கள். அப்படிச் சொன்னவர்களை எல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில், கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் கட்டிய வீட்டில் இருந்தபோது எனக்கு இது வந்தது. நாற்பதைத் தாண்டியிருந்தேன். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கிளார்க். ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டிலேயே சமைத்து எடுப்புச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். சானடோரியம் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற கல்யாணமாகாத பையன்கள், விமான நிலையத்தில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், பெண்டாட்டியைப் பிரசவத்துக்கு அனுப்பிவிட்டு அப்பளம் கூடப் பொரிக்கத் தெரியாமல் முழிக்கிறவர்கள், இவர்கள்தான் என் வாடிக்கை. எங்கள் சமையலறைக்குச் சந்துப் பக்கம் ஒரு கதவு உண்டு. வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி, காலி கேரியரைக் கொடுத்துவிட்டு நிரம்பியதை வாங்கிக்கொண்டு போவார்கள்.

பணத்துக்காக ஆரம்பிக்கவில்லை என்று சொன்னால் பொய். பணத்துக்காக மட்டும்தான் என்று சொன்னாலும் பொய். பெண் விடுதிக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அந்தச் சந்துக் கதவில் ஒருவன் வந்து நின்று, “நேத்து வத்தக்குழம்பு இன்னும் கொஞ்சம் இருக்குமா ஆன்ட்டி?” என்று கேட்டானென்றால் எனக்கு அன்றைய பொழுது நிறைந்துவிடும். என் சமையலுக்கு என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து சொன்ன ஒரே பாராட்டு “உப்பு சரியா இருக்கு” என்பதுதான். ஆகையால் இந்தப் பையன்கள் எனக்கு வேண்டியிருந்தார்கள்.

ஆனால் சமையல் என்றால் நிற்பது. விடிவதற்கு முன்னால் அடுப்படியில் நின்றால் கடைசிக் கேரியர் போகிறவரை உட்கார முடியாது. சாயங்காலம் மறுபடியும் ஒரு முறை. காலுக்குக் கீழே, நாங்களே ஆசைப்பட்டு, பட்டாணிப் பச்சையும் வெள்ளையுமாகப் போட்ட மொசைக் தரை. பார்க்கக் கண்ணைப் பறிக்கும். நின்று பார்த்தால்தான் தெரியும், பாறை.

முதலில் வைத்தியம் சொன்னது, எனக்குக் காய் நறுக்கவும் பாத்திரம் தேய்க்கவும் கடப்பேரியிலிருந்து வந்துகொண்டிருந்த பெண். என்னை விடச் சின்னவள், வாய் மட்டும் என்னை விடப் பெரிசு.

“இன்னாக்கா, நொண்டிகினு கீறே?” என்றாள்.

“குதிகால்ல ஆணி வெச்சு அடிக்கிற மாதிரி இருக்குடி.”

“செங்கல்ல அடுப்புல வெச்சு நல்லா சூடு பண்ணு. அது மேல எருக்கம் எலையப் போட்டு, கால வெச்சு அழுத்து. என் வூட்டுக்காரனுக்கு இப்படித்தான் போச்சு.”

எருக்க இலையையும் அவளே பறித்துக்கொண்டு வந்தாள். அழுத்தும்போது சுகமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பழையபடி உயிர் போனது. ஒரு வாரம் விடாமல் செய்துவிட்டு, “உன் வீட்டுக்காரருக்கு ரொம்ப நாளா குதிகால் வலியா?” என்று கேட்டேன். “அதுக்குக் கால்ல இன்னா? இடுப்புதான் புடிச்சிகினு இருந்துது” என்றாள். நான் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் போட்டேன்.

அடுத்து செருப்பை மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பஞ்சு மாதிரி ஒரு ரப்பர் செருப்பு விற்றார்கள். காலை வைத்தால் உள்ளே அமிழ்ந்துபோகும். இதுதான் சொர்க்கம் என்று நினைத்து வாங்கிவந்தேன். போட்டு நடக்க நடக்க வலி குதிகாலை விட்டு உள்ளங்கால் முழுக்கப் பரவியது. சேற்றில் நடக்கிற மாதிரி கால் நாலா பக்கமும் சாய்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, என் காலுக்காக அந்த மனிதர் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. அவர் கத்தரிக்காய் வாங்கினால் கூடையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறவர். செருப்புக் கடையில் கேட்க வேண்டுமா? தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கடை விடாமல் ஏறி, ஒவ்வொரு ஜோடியையும் முகர்ந்து, மடக்கி, சுண்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் வெள்ளை நிறத்தில் கயிறு கட்டுகிற நடைப்பயிற்சி ஷூ ஒன்றை வாங்கினார். ஆறு கஜம் புடவைக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தேன். எதிர் வீட்டம்மா, “என்ன, ஓட்டப் பந்தயமா?” என்றாள். “ஆமாம், வர்றீங்களா?” என்றேன். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டவள் அதைத் திரும்ப எடுக்கவே இல்லை.

கடைசியில், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் குதிகாலின் ஓர் இடத்தில் கட்டை விரலால் அழுத்தினார், நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். குதிகால் எலும்பில் கீழே சின்னதாக ஒரு மூக்கு மாதிரி வளர்ந்திருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. நல்லாத்தானே இருக்கு என்றவர்களிடம் காட்டலாம் அல்லவா?

“மெத்து மெத்துனு இருக்கறது வேற, தாங்கறது வேறம்மா,” என்றார் டாக்டர். “குதிகாலச் சுத்திக் கெட்டியாப் பிடிக்கணும். உள்ளங்கால் குழிவுக்குக் கீழ மேடு வேணும். செருப்ப மடக்கினா விரல் கிட்டதான் மடங்கணும், நடுவுல மடங்கக் கூடாது. சாயங்காலமாப் போய் அளவு குடுங்க, அப்பதான் கால் உப்பி சரியான அளவுல இருக்கும்.” பல்லாவரத்தில் இந்த மாதிரிச் செருப்பு செய்து கொடுக்கிற ஒரு கடையையும் சொன்னார்.

பல்லாவரத்தில் தோல் வாசனை வராத தெரு எது என்று கேட்டால் யோசிக்க வேண்டும். அந்தக் கடை மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கடைக்காரர் பேசிக்கொண்டே இருக்கிற ஆள். எங்களை உட்காரவைப்பதற்குள் அவருடைய மச்சான் துபாய்க்குப் போன கதையைப் பாதி சொல்லி முடித்திருந்தார். தரையில் காகிதத்தை விரித்து, “காலக் குடுங்கம்மா” என்று கையை நீட்டினார். நான் சட்டென்று காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். வயதில் பெரியவர், என் காலைத் தொடுவதாவது. அவருக்கு இது பழக்கம் போலிருக்கிறது. “எனக்கு இது மூஞ்சி மாதிரிம்மா. நாள் முச்சூடும் இதத்தான் பாக்குறேன்” என்றார். பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போடும்போது கூசியது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துச் செருப்பு வந்தது. கன்னங்கரேலென்று, தடியாக, பின்பக்கம் வார் வைத்து, அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் வாரை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன் பாருங்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ என் பாதத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்ட மாதிரி இருந்தது. கடைக்குள்ளேயே ரெண்டு சுற்று நடந்தேன். சந்தில் இறங்கி நடந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை என் வீட்டுக்காரர்தான் என் பின்னால் வேகமாக வர வேண்டியிருந்தது. “மெதுவாப் போம்மா” என்றார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் குனிந்து என் காலைப் பார்த்தாள். பிறகு என் கை விரல்களைப் பார்த்தாள். பிறகு மெல்ல நகர்ந்து சீட்டின் ஓரத்துக்குப் போனாள். எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அந்தக் காலத்தில் இதே மாதிரிக் கறுப்பு ரப்பர் செருப்பைத் தொழுநோய் ஆஸ்பத்திரிகளில் கொடுப்பார்கள். எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு அது இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. இருந்தால்தான் என்ன, நகர்ந்து உட்கார வேண்டுமா? நன்றாகக் காலை நீட்டிக்கொண்டு, தாம்பரம் வருகிறவரை சௌகரியமாக உட்கார்ந்து வந்தேன்.

வீட்டு வாசலில் அந்தச் செருப்புக்கு ராஜ மரியாதை. மழைச் சாரல் படாத இடமாகப் பார்த்து அவர் ஒரு பலகை அடித்துக்கொடுத்தார். வெளியே போய்விட்டு வந்தால் ஈரத் துணியால் துடைத்து, ஜோடியாக அடுக்கிவைத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவேன். இப்படியே மாதங்கள் போயின. ஒரு நாள் விட்டதில்லை. காலை வலியோ இம்மியும் குறையவில்லை. பல்லாவரத்துக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மறுபடியும் டாக்டரிடம் போனோம். போகும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

“செருப்பு போட்டுக்கறீங்களா?” என்றார் டாக்டர்.

“ஒரு நாள் விடாம போட்டுக்கறேன் சார். ஒண்ணும் பிரயோஜனமில்ல.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போட்டுருப்பீங்க?”

“வெளியில கிளம்பினா அதுதான் சார். வேற செருப்பத் தொடறதே இல்ல.”

“வெளியில எவ்வளவு நேரம் இருப்பீங்க?”

யோசித்துப் பார்த்தேன். காய் வாங்கப் போவேன். மளிகைக்குப் போவேன். கோயிலுக்குப் போவேன், ஆனால் அங்கே செருப்பை வாசலில் விட்டுவிட வேண்டும். எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது. “கொஞ்ச நேரம்தான் சார்” என்றேன்.

“மத்த நேரமெல்லாம்?”

“வீட்லதான். சமையக்கட்டுல நின்னுக்கிட்டு இருப்பேன்.”

“அங்க கால்ல என்ன போட்டுக்கறீங்க?”

நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குளிக்கும்போது என்ன சட்டை போட்டுக்கொள்வீர்கள் என்று கேட்ட மாதிரி இருந்தது. “அங்க என்ன சார் போட்டுக்கறது?” என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “நல்லா இருக்கும்மா. நிக்கிறது நீங்க, ரெஸ்ட் எடுக்கறது செருப்பா?”

எனக்கு மானம் போயிற்று. அவர் கேலியாகச் சொல்லவில்லை, தன் வீட்டிலும் இதே கதைதான் என்றார். நிற்கிற இடத்தில் போட்டால்தான் செருப்பு, இல்லாவிட்டால் அது வெறும் ரப்பர் என்றார். அதுவும் முடியாது என்றால் நிற்கிறதைக் குறைத்துக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை, இப்படியே போனால் நடக்கவே சிரமமாகிவிடும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது என் வீட்டுக்காரர் கேட்டார்.

“சமையக்கட்டுல செருப்பா? சாமி இருக்கிற எடத்துலயா?”

எங்கள் சாமி இருந்தது சமையலறையில்தான். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் மர அலமாரி, அதில் முருகனும் பெருமாளும் லட்சுமியும். தினமும் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து, திருநீறு பூசி, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் அவர் காபியைத் தொடுவார். மற்ற விஷயங்களில் அவரைப் போல வளைந்துகொடுக்கிற ஆளைப் பார்க்க முடியாது. இதில் மட்டும் அசைய மாட்டார்.

“நானும் அங்கதான இருக்கேன்?” என்றேன்.

“நீ இருக்க. அடுப்பு இருக்கு, சாமி இருக்கு. எப்படிம்மா மனசு வரும்?”

வாய்க்கு வந்தபடி பேசினேன். ஊரெல்லாம் அலைந்து எனக்குச் செருப்பு வாங்கிக்கொடுத்துவிட்டு, அதைப் போட்டுக்கொள்ளாதே என்கிற ஒரே ஆள் உலகத்தில் நீங்கள்தான் என்றேன். அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். பதில் சொல்லாத ஆளோடு சண்டை போடுகிற மாதிரி ஒரு தண்டனை கிடையாது.

மறுநாள் அவர் ஆபீசுக்குப் போனதும் செருப்பைக் கொல்லைக்கு எடுத்துப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். துடைத்து, சமையலறை வாசற்படியில் வைத்து, வாரை மாட்டிக்கொண்டு உள்ளே ஒரு கால் வைத்தேன். எதிரே முருகன் சிரித்துக்கொண்டு நின்றார். என்னால் அடுத்த காலை எடுத்து வைக்க முடியவில்லை. கேட்க ஆளில்லை, பார்க்க ஆளில்லை, ஆனாலும் திருடி அகப்பட்டுக்கொண்டவள் மாதிரி நின்றேன். கழற்றி எடுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். எப்படி மனசு வரும் என்று அவர் கேட்டாரே, எனக்கும் வரவில்லை. அதில்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் அதிகமானது.

பிறகு என்னென்னவோ செய்து பார்த்தோம். சாக்கை நாலாக மடித்துப் போட்டோம். பழைய மெத்தையை வெட்டி விரித்தோம், அது தண்ணீரைக் குடித்து நாறியது. அவர் எங்கிருந்தோ ஒரு ரப்பர் விரிப்பு கொண்டுவந்தார். ரசப் பாத்திரத்தை இறக்கும்போது அது வழுக்கிவிட்டது. கால் வழியாக ரசம் ஓடியது. நல்ல வேளை, பாதி ஆறியிருந்தது. கூட வேலை செய்கிறவள், “அக்கா, உனுக்கு வலியே தேவலாம் போல கீது” என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் என் காலுக்குத் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “நிறுத்திடேம்மா” என்றார். “நம்ம ரெண்டு பேருக்கு என்ன வேணும்? என் சம்பளம் போதும்.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நிறுத்திவிட்டு என்ன செய்ய? வெறிச்சென்ற வீட்டில் உட்கார்ந்து அவர் வருகிற ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கவா? எனக்கென்று இருந்தது அந்தச் சந்துக் கதவும் அதில் வந்து நிற்கிற பையன்களும்தான். இதை அவரிடம் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சில நாள் திரிந்தேன். கடைசியில் காலிடம் நான் தோற்றேன். கேரியர் வாங்க வருகிறவர்களிடம், அடுத்த மாதத்திலிருந்து வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

விமான நிலையத்துப் பையன் ஒருவன் கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றான். “ஏன் ஆன்ட்டி?”

“கால் முடியலப்பா.”

“உக்காந்து செய்ய முடியாதா?” என்றான். பிறகு அவனே, “சாரி ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டுப் போனான். நான் கதவைச் சாத்திக்கொண்டு முந்தானையை வாயில் வைத்து அழுதேன். திரும்பினால் என் வீட்டுக்காரர் கையில் காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. டம்ளரைத் தொட்டியில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால் வீட்டுக்குள்ளிருந்து சுத்தியல் சத்தம் தெரு முனை வரை கேட்டது. உள்ளே போனேன். ஹாலில் டெலிவிஷன் பெட்டி தரையில் கிடந்தது. அது இருந்த இடத்துக்கு மேலே சுவரில் அவர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். காய் நறுக்குகிறவள் ஒரு கையில் குத்துவிளக்கும் இன்னொரு கையில் மணியுமாக நின்றாள்.

“அக்கா, அண்ணன் சாமியெல்லாம் வூடு மாத்துறாரு” என்றாள்.

“என்னங்க இது?” என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “கிழக்கு பாத்த செவரு இது ஒண்ணுதான் இருக்கு. அங்க ஒரே புகை. முருகன் படமெல்லாம் மங்கிப் போச்சு, பாவம். இங்க காத்து நல்லா வருது.”

“டிவி?”

“உள்ள வெச்சுக்கலாம். எடம் இல்லாட்டி போகட்டும்.”

கிரிக்கெட் நடந்தால் சோற்றுத் தட்டோடு அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிற மனிதர். போகட்டும் என்கிறார். நான் பையைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அலமாரி இருந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளையாகத் தெரிந்தது. அடுப்பு மேடைக்குக் கீழே பேப்பரில் சுற்றி ஒரு பொட்டலம். பிரித்தால் அதே கறுப்புச் செருப்பு, புதுசு. பல்லாவரத்துக்காரர் என் பாதத்துக் காகிதத்தை வைத்திருந்திருக்கிறார்.

பின்னாலேயே வந்தவர், “இது ரோட்டப் பாக்கவே கூடாது, சொல்லிட்டேன்” என்றார். “ஹாலுக்கும் வரக் கூடாது. சமையக்கட்டோட சரி.”

“சரி” என்றேன். அவ்வளவுதான் பேசிக்கொண்டோம். பேசியிருந்தால் நான் அழுதிருப்பேன், அவருக்கு அது ஆகாது.

வலி உடனே ஓடிவிடவில்லை. ஆனால் மழைக்காலம் வந்தபோது காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால் கடவுளே என்று சொல்ல மறந்துபோனேன். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய பையன்களைத் திரும்பக் கூப்பிட்டேன். காய் நறுக்குகிறவள், “துரைசானி மாதிரி கீறேக்கா” என்று கேலி பண்ணினாள். பேங்கில் வேலை பார்க்கிற ஒருத்தர் மட்டும், சந்துக் கதவு வழியாக என் காலைப் பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து வருவதை நிறுத்திக்கொண்டார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல ருசி தெரிந்த மனிதர். மற்றவர்கள் என் காலைப் பார்க்கவில்லை, கேரியருக்குள்தான் பார்த்தார்கள்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. நான் விடிவதற்கு முன்பே குளித்து, பட்டுப்புடவை கட்டி, சாமிக்கு வடையும் சர்க்கரைப் பொங்கலும் செய்ய அடுப்படிக்கு வந்தேன். செருப்பைச் சுவர் ஓரமாகக் கழற்றிவைத்துவிட்டேன். மற்றவர்களுக்குச் சமைக்கிறபோது போட்டுக்கொள்வது வேறு, சாமிக்குப் படைக்கிறதை வெறுங்காலில்தான் செய்ய வேண்டும் என்று எனக்கே தோன்றியது. அவர் சொல்லவில்லை. வடைக்கு மாவு தட்டும்போது குதிகால் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. காலை மாற்றி மாற்றி வைத்து நின்றேன்.

அவர் நெற்றி நிறையத் திருநீறும் கையில் சந்தனக் கிண்ணமுமாக வந்தார். கிரைண்டருக்கு ஒரு பொட்டு. அடுப்புக்கு. அரிவாள்மனைக்கு. வரிசையாக மாட்டியிருந்த கரண்டிகளுக்கெல்லாம் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தார். கேரியர்களுக்கும் வைத்தார். எல்லாம் முடிந்து போய்விடுவார் என்று பார்த்தால், சுவர் ஓரமாக நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பையோடு சிரமப்பட்டுக் குனிந்தார். செருப்பின் இரண்டு வாரிலும் சந்தனத்தைத் தொட்டு வைத்தார், குங்குமம் வைத்தார். பிறகு அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்து என் காலுக்கு முன்னால் ஜோடியாக வைத்தார்.

“என்னங்க, செருப்பப் போயி கையில எடுத்துக்கிட்டு?” என்றேன். “இது சாமிக்குச் செய்யறது.”

“அதனாலதான் சொல்றேன். இதுவும்தான வருஷம் பூரா வேலை செஞ்சுது?” என்றார். “போட்டுக்கிட்டு நின்னு செய்.”

என் மாவுக் கையைப் பார்த்துவிட்டு அவரே குனிந்து பின் வாரை மாட்டிவிட்டார். எழுந்திருக்கும்போது மேடையைப் பிடித்துக்கொண்டு, “வடை கருகுது பாரு” என்றார். கருகித்தான் போயிருந்தது. அன்றைக்குச் சாமிக்கு அதையேதான் எடுத்துப்போய் வைத்தார்.